திரையில் ஏறிய நாமக்கல் லாரி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஏற்காடு மலை இருக்கிறதா என்றே சந்தேகம். ஒன்பது மணிக்கு மேல்தான் தெரிந்தது.

கிராபிக்ஸ் செமினார், நான்காவது. இன்று சுழற்சி. ஒரு புள்ளியை எந்தக் கோணத்துக்கும் திருப்ப நாலே நாலு எண் போதும். எல்லாம் சைன், காஸ். பள்ளிக்கூடத்தில் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தவை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவில் மேடம் ஒரு குண்டைப் போட்டார். துறையில் படம் போடுகிற கம்ப்யூட்டர் டெர்மினல் ஒன்றுதான். அடுத்த செமஸ்டர் முழுக்க அது ஒருவருக்கு. "பதிமூணாம் தேதி அவங்கவங்க சொந்தப் படத்தைக் கொண்டு வாங்க. எது சரியா நிக்குதோ, மெஷின் அவங்களுக்கு."

எனக்கு வேண்டும். சத்தியமாக வேண்டும்.

போட்டிக்கு இரண்டே பேர். நானும் ராஜேந்திரனும் (இனி ரா.). மற்ற ஆறு பேர் ஏ.சி. காற்றுக்காக வருகிறவர்கள். ரா. முறுக்கு வரைகிறானாம். ஆட்டையாம்பட்டிக்காரன், வேறென்ன வரைவான்! நான் லாரி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர் மகள், வேறென்ன வரைவேன்.

பிப். 5, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. மெஷின் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே குளிரில் இரண்டு மணி நேரம்.

ஏற்றியவை: கேபின். முன் கண்ணாடி (ஓட்டை மாதிரி விட்டாயிற்று, உள்ளே தெரிய வேண்டும்). ஸ்டீயரிங். பாடி, பக்கப் பலகைகள். டயர் ஆறு. வட்டத்துக்குப் பன்னிரண்டு மூலை போதும், தூரத்திலிருந்து யார் எண்ணப் போகிறார்கள்.

அளவெல்லாம் பட்டறையில் எடுத்தது. முன் போர்டு மட்டும் காலி. பட்டறையில் சாமி பெயர் எழுதுவது கடைசி வேலை. வண்டி முடியுமுன் எழுதினால் அப்பா அன்று முழுக்கப் பேச மாட்டார். எனக்கும் கை வரவில்லை.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். ரா. செருப்பு ஒன்றும் எவருடையதோ ஒன்றும் கிடந்தன. என்னுடையதை ரா. மாட்டிக்கொண்டு போயிருப்பான். கிடந்த இரண்டையும் போட்டுக்கொண்டு ஹாஸ்டல் வந்தேன்.

பிப். 6, வெள்ளி

லாரி வந்தது! தலைகீழாக.

மேடம் பின்னால் வந்து நின்று பார்த்தார். "ஏம்மா, உங்க ஊர் லாரியெல்லாம் சிரசாசனம் பண்ணுமா?" ரா. விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும்.

காரணம் தெரிந்ததுதான். நாம் கீழிருந்து மேலே எண்ணுகிறோம், திரை மேலிருந்து கீழே எண்ணுகிறது. செவ்வாய்க்கிழமை படித்த சுழற்சி கையில் சூடாக இருந்ததே! நூற்றெண்பது டிகிரி, ஒரே திருப்பு. லாரி ஜம்மென்று நாலு காலில் நின்றது. மறைகிற கோடுகளையும் அழித்தாகிவிட்டது. மேடம், "பரவாயில்லையே." அவர் வாயிலிருந்து இது பெரிய வார்த்தை. எனக்குத் தரையில் கால் இல்லை.

பிப். 8, ஞாயிறு

ஊரில். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே. வீட்டில் அம்மாவும் நங்கையும் (அண்ணன் மனைவி). நங்கைக்கு அண்ணனைக் கட்டி வந்து ஒரு வருஷம்தான், அவன் வண்டியை அவனைவிட நன்றாகத் தெரியும்.

பிரிண்ட் எடுத்த தாளை விரித்தேன். அம்மா, "டயரு ஏஞ்சாமி மூலை மூலையா இருக்குது?" (எண்ணிவிட்டாள்.)

நங்கை ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்முணி, உங்கண்ணன் இதை ஓட்டோணும்னா எங்க குக்காருவாரு?"

"ஸ்டீயரிங் தெரியுதுங்களே நங்கை, அங்கதான்."

"அங்க கிளீனரல்ல குக்காருவான்!"

பார்த்தேன். ஸ்டீயரிங் இடப்பக்கம். இது நம் நாட்டு வண்டியே இல்லை. மேடம் பார்த்தார், ரா. பார்த்தான், நான் ஆயிரம் தடவை பார்த்தேன். சோறு இறங்கவில்லை. இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற கோழிக்குழம்பு.

பிப். 9, திங்கள்

சேலம் பஸ். ஜன்னல் சீட். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமிருந்து பார்த்தேன். ஸ்டீயரிங் சரியான இடத்தில்! அப்போதுதான் உறைத்தது. தலைகீழ் என்று நினைத்தேனே, அது தலைகீழ் இல்லை, தண்ணீரில் தெரிகிற நிழல். நிழலைப் பிடித்து எவ்வளவு திருப்பினாலும் அது நிழல்தான், வலது இடது மாறித்தான் நிற்கும். திருப்பியிருக்கவே கூடாது. எண்ணுகிற திசையை மாற்றினால் போதும். ஒரே வரி.

சுழற்சி தெரியும் என்ற திமிர். வேறொன்றுமில்லை.

கண்டக்டர்: "ஏனுங்க, ஜாதகமுங்களா? அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?"

ஆமாங்க என்றேன்.

பிப். 12, வியாழன்

மெஷின் முறை இன்றுதான். நாலு நாள் நகத்தைக் கடித்தே தீர்த்தேன். உட்கார்ந்த பத்தாம் நிமிஷம் கரண்ட் போனது! ஒரு மணி நேரம் வராந்தாவில். ரா. பாவம் பார்த்து முறுக்கு கொடுத்தான். தின்ன முறுக்கு, வரைந்ததல்ல.

கரண்ட் வந்ததும் அந்த ஒரு வரி. அண்ணன் அவன் இடத்துக்கு வந்தான்.

வண்டி முடிந்தது. ஆகவே போர்டு. "முருகன் துணை". இந்த ஆறு எழுத்துக்கு லாரியின் பாதிப் புள்ளிகள் செலவு. ணை படுத்திய பாடு! இதை முதலிலேயே எழுதியிருந்தால் எழுத்து திரும்பி நின்று அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பிப். 13, வெள்ளி

ரா. முதலில். வளைவுகள் அழகு, பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சுற்று மேலே, எது கீழே என்று அவன் புரோகிராமுக்குத் தெரியவில்லை. யாரோ மிதித்த முறுக்கு.

பிறகு நான். பிரிண்டர் கரகரவென்று வரி வரியாக. போர்டு முதலில். பின் பெஞ்சில் ஒருத்தன் சத்தமாகப் படித்தான், "முருகன் துணை!" ஒரே கைதட்டல்.

மேடம்: "போன வாரம் போர்டு காலியா இருந்துச்சே?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. மனசு கேட்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். இடப்பக்க ஸ்டீயரிங், நங்கை, பஸ், ஒரே வரி. போச்சு என்றே நினைத்தேன்.

மேடம் பழைய தாளை வாங்கி ஜன்னலில் பிடித்தார். "நானும்தான் பாத்தேன், 'பரவாயில்லை'ன்னு வேற சொன்னேன்." சிரித்துவிட்டார். "மெஷின் உனக்கு. அடுத்த படத்தையும் முதல்ல உங்க அண்ணிகிட்ட காட்டிட்டு என்கிட்ட வா."

ரா. மெஷினில் பாதி நேரம் கேட்கிறான். முதலில் என் செருப்பைத் தரட்டும்.

பிப். 14, சனி

ஊர். வெயில். அண்ணன் திரும்பியிருந்தான், தாளைப் பார்த்து, "எவ்வளவு டன் ஏத்தலாம்?" என்றான். நங்கை குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து இரண்டு ஹெட்லைட்டுக்கும் பொட்டு வைத்தாள். பிறகு ஸ்டீயரிங் மேல் விரலை வைத்தாள்.

"இப்ப ஏறிக் குக்காருங்க."