பத்துக்கு அஞ்சு

அக்கா,

போன்ல "லேசான அடிதான்"னு சொன்னேன். பொய். வாயால சொல்லத் துப்பில்லாம எழுதறேன்.

ரக்பி சீசன் தொடங்கும்போது டாக்டர் பத்து வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்பார். எத்தனை சொன்னோம்னு குறிச்சுக்குவார். அப்புறம் தலையில அடிபட்டா மறுபடியும் கேட்பார். எண்ணிக்கை குறைஞ்சா வெளியே உட்கார வேண்டியதுதான். நான் ஆடின காலத்துல, அடிபட்டாலும் எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு, தொடக்கத்துலயே பத்தும் தெரிஞ்சே அஞ்சுதான் சொல்வேன். உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில இதைப் பெருமையா அளந்தேனே, ஞாபகமிருக்கா? நீ சிரிச்சே. உன் பையன் சிரிக்காம கேட்டுக்கிட்டிருந்தான்.

இந்த வருஷம் தேசிய அணிக்கு நான் கோச். டாக்டர் கொடுத்த பட்டியல்ல அவன் பேருக்கு எதிரே அஞ்சுன்னு இருந்தது. ஆறு வயசுலயே ஊர்ல ஓடற பஸ் நம்பர் அத்தனையும் ஒப்பிச்சவன்! எனக்குப் புரிஞ்சுது. அவன் இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு அதுல கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மேட்ச்ல தலையில அடிபட்டதும் அஞ்சு சொன்னான். "மாமா, நான் ரெடி"ன்னான். நான்தான் திரும்ப மைதானத்துல இறக்கினேன். பத்தே நிமிஷத்துல அடுத்த அடி.

இன்னைக்கு ஆஸ்பத்திரியில கேட்டப்போ மூணு சொன்னான். சொல்லிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சான். நானும் பாவி, கண்ணடிச்சேன். "இந்தத் தடவை ஏமாத்தாம சொல்லுப்பா"ன்னார் டாக்டர். கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசிச்சான்.

மூணுதான் வந்தது.

இதைக் கொண்டு வர்ற வண்டியிலேயே ஏறி வந்துடு. என்கிட்டப் பேச வேண்டாம். அவன்கிட்ட மெதுவாப் பேசு.

உன் முகத்துல முழிக்க முடியாத
தம்பி