அளவுக் கட்டையில் துரு

குற்றாலம்
17-6-1963

சென்னைப் பட்டணத்தின் தொழிற்பயிற்சித் துறையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியும் மருமகன் தளவாய்க்கு, தாய்மாமன் மாடக்கண்ணு ஆசீர்வாதத்தோடும், அதைவிட அதிகமான எரிச்சலோடும் எழுதுவது.

நான் நலம். இங்கன இரும்புதான் நலமில்லை.

தென்காசியில் முப்பது வருஷமாக லேத்துப் பட்டறை நடத்தி, ஆலங்குளம் வரைக்கும் செத்த பம்புகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தவனை, "மாமா, எட்டு வாரப் பயிற்சிதான், சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆகஸ்டில் திறக்கிற தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு நீங்கள்தான் கடைசல் வாத்தியார்" என்று ஆசை காட்டினாயே. நானும் பட்டறையை என் கையாள் இசக்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போக இடமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

மற்ற அளவுகளைச் சரிபார்க்கிற எஃகுத் துண்டுகளாம் அளவுக் கட்டைகள்; அவை இருபது டிகிரியில்தான் சரியான அளவு காட்டுமாம். அதனால் குளுகுளுவென்று இருக்கிற குற்றாலத்தில் பயிற்சி வைக்கலாம் என்று கோப்பில் எழுதிய மேதாவி யார் என்று விசாரித்தேன். நீதானாமே! ஏலே, குளிரைப் பார்த்தவன் சாரலைப் பார்க்க வேண்டாமா? வந்த நாலாம் நாள் என் ஸ்பானர் துருப்பிடித்து, துருவின்மேல் பாசி பிடித்து, பாசியின்மேல் ஒரு தவளை குடித்தனம் வந்துவிட்டது. நேற்று அதற்குக் குட்டிகூடப் பிறந்தது.

எங்கள் பயிற்சியாளர் அருமைநாயகம் சார் நல்ல மனிதர். ஆனால் நூல், அரை நூல் என்று இஞ்ச்சை எட்டாகப் பங்கு போட்டு வளர்ந்தவனிடம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டு, அதில் ஒன்றைக் காட்டி "தெரியுதா அண்ணாச்சி?" என்கிறார். கடவுளே தெரியாத கண்ணுக்கு இதுவா தெரியும்?

ஐந்தருவி போகிற வழியில், குரங்குகளுக்கு நடுவில் குடியிருக்கும்,
கடைசல் சக்கரவர்த்தி மாடக்கண்ணு


சென்னை
22-6-1963

அன்புள்ள மாமாவுக்கு, தளவாய் நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. தவளை குட்டி போடாது.

உங்கள் கடிதத்தில் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுத்தான் நான் படிப்பது வழக்கம். மீதி ஒன்றில் துரு இருப்பதாகத் தெரிகிறது. கட்டைகளைத் தொட்டவர் பெட்ரோலில் துடைத்து, வாசலைன் தடவிப் பெட்டியில் வைத்தால் ஒன்றும் ஆகாது. விதிமுறை ஏழில் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

மாமா, கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் பெயரை நான்தான் சிபாரிசு செய்தேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இரும்பு, எஃகு பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தவர்கூட இந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் வாத்தியார் சொல்வதைப் பையன்கள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். கொஞ்சம் அளந்து பேசுங்கள்.

ஜூலை 6, 7 தேதிகளில் பார்வையிட வருகிறேன். குழல்வாய்மொழியும் வருகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இன்னும் அருவியில் குளிக்கவில்லையாம்.

அன்புடன்
தளவாய்


குற்றாலம்
11-7-1963

மகா மேன்மை தங்கிய மருமகனுக்கு,

நீங்கள் இருவரும் வந்துபோனதில் பயிற்சி நடக்கிற இந்தப் பங்களாவே நாலு அடி உயர்ந்துவிட்டது. குழல்வாய்மொழிதான் வந்ததிலேயே அறிவுள்ள பார்வையாளர். அருவியிலிருந்து ஈரத் தலையோடு வந்து நின்று, நீ இரண்டு அளவுக் கட்டைகளை ஒட்டவைத்துக் காட்டியபோது, "ஏங்க, பசை ஒண்ணும் தடவலியா?" என்று கேட்டாளே! நாங்கள் மூன்று வாரமாக வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்த கேள்வி அது.

நேற்று எனக்குப் பாடம் நடத்தும் தேர்வு. தலைப்பு, எஃகுக்குப் பதம் கொடுத்தல். நாற்பது நிமிஷம் என்றார்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைச் சொல்லி முடிக்கவே நாற்பது ஆகிவிட்டது. பிறகு மறுபடி சூடாக்கும்போது வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் லேத்து உளி, ஊதாவில் நிறுத்தினால் வெட்டு உளி, நீலத்தில் நிறுத்தினால் சுருள்வில் என்று செய்தே காட்டினேன். அப்போது ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது. எவனும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், ஒருமுறை நான் பழுக்கக் காய்ச்சிய உளியை ஐந்தருவியில் தோய்த்தபோது நாலு அருவி ஆவியாகி ஓர் அருவிதான் மிஞ்சியது என்று ஒரு உதாரணம் சொன்னேன்.

அருமைநாயகம் சார் குறிப்பேட்டை மூடினார். "அண்ணாச்சி, பாடம் பிரமாதம். ஆனா இதுல நெசம் எது, பொய் எதுன்னு ஒரு கோடு போட்டுட்டாத் தேவலை" என்றார். பாஸ் போட்டுவிட்டார், கவலைப்படாதே.

மாடக்கண்ணு
எஃகின் ஏகபோக அதிபதி


சென்னை
20-7-1963

மாமாவுக்கு,

மனம் கசந்து எழுதுகிறேன். ஐம்பது மில்லிமீட்டர் அளவுக் கட்டையில், பளபளப்பான முகத்தில், துருவாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த செட். இனி அது எதற்கும் உதவாது.

அந்தக் கட்டை உங்கள் மேசைப் பெட்டியைச் சேர்ந்ததாம். தினமும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு அப்படியே வகுப்புக்கு வருகிறவர் நீங்கள்தான் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தொடவே இல்லை என்று சாதித்தீர்களாம். ஐந்தருவியை ஆவியாக்கியவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

மன்னிப்புக் கடிதம் தந்தால் ஒழிய உங்களுக்குச் சான்றிதழ் இல்லை. தந்தாலும் கவனக்குறைவு என்று அதில் ஒரு வரி ஏறும். அந்த வரியோடு பள்ளியில் வேலை கிடைக்காது. என் மேலதிகாரி, "உங்க மாமாதானே?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். விதிமுறை ஏழைப் படிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா?

தளவாய்


குற்றாலம்
24-7-1963

தளவாய்க்கு,

இதில் மிகை இல்லை. அளந்து எழுதியிருக்கிறேன்.

அந்தக் கட்டையைப் பெட்டியிலிருந்து நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. எங்களுக்கு இருபது மில்லிமீட்டருக்கு மேல் வேலை வரவில்லை.

என் கட்டைவிரலில் ரேகை கிடையாது. முப்பது வருஷ இரும்புத் தூள் அதைத் தின்றுவிட்டது. இசக்கிக்குப் பட்டறையை எழுதிக் கொடுத்த அன்றுகூடப் பத்திர ஆபீஸில் மூன்று தடவை வைத்தும் வெறும் மைதான் விழுந்தது. இதை நான் இங்கே காட்டியிருந்தால் அப்போதே தப்பித்திருப்பேன். காட்டவில்லை. காட்டினால் அடுத்தது வேறு யார் தொட்டார் என்ற பேச்சு வரும்.

அருமைநாயகம் சாரிடம் கேட்டு அந்தக் கட்டையை வாங்கி, நீல மை தொட்டு மெல்லிய தாளில் ஒற்றி எடுத்தேன். இத்துடன் இருக்கிறது. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு தெரியும். என்னைத் தவிர வழக்கமாக அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் சார்தான்; அவர் விரலில் அப்படி இல்லை, பார்த்துவிட்டேன்.

தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். மன்னிப்புக் கடிதம் 31ஆம் தேதிக்குள் தர வேண்டும். அதுவரை காத்திருப்பேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் நானே எழுதிக் கொடுத்துவிட்டு, இசக்கியிடம் கூலிக்குப் போவேன்.

மாடக்கண்ணு


சென்னை
27-7-1963

மாமா,

தாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஏழு வயதில் உங்கள் பட்டறையில் தகரம் வெட்டும் கத்தரியில் நான் விட்ட விரல்.

அன்று உங்கள் மேசையில் கட்டைகளை ஒட்டிக் காட்டிவிட்டு, துடைக்காமல் அப்படியே பெட்டியில் வைத்தேன். பெட்ரோல் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விதிமுறையை எழுதியவனுக்கு அது பொருந்தாது என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. குழல்வாய்மொழியிடம் சொன்னேன். "அங்கனயே சொல்லியிருந்தா ஒரு துணியால தொடச்சிருப்பேனே" என்றாள்.

இயக்குநருக்கு இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். விரல் என்னுடையது, குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான் என்று. வாசித்தவர் உங்கள் கோப்பை வரவழைத்தார். வர வேண்டிய பதவி உயர்வு இனி வராது. உங்கள் சான்றிதழ் எந்த வரியும் இல்லாமல் வரும். கையெழுத்தானதைக் கண்ணால் பார்த்தேன். மன்னிப்புக் கடிதம் எதுவும் தர வேண்டாம்.

இந்த முறை உங்கள் கடிதத்தில் நான் எதையும் கழிக்கவில்லை.

உங்கள் மருமகன்
தளவாய்

இணைப்பு: தாள் ஒன்று. கீழ்ப்பாதி என் கட்டைவிரல் ரேகையால் நிரப்பப்பட்டது.