குளிருக்குப் போனவை

ஜனவரி 9
என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை. பூமி குளிரத் தொடங்கியது சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன். வடக்கில் செழித்திருந்த வெப்பநிலத் தாவரங்களில் பெரும்பாலானவை உறைபனியைத் தாங்காமல் அழிந்தன, அல்லது தெற்கே ஒதுங்கின. சில குடும்பங்கள் மட்டும் இலையை உதிர்த்தும், மண்ணுக்குள் கிழங்காய் ஒடுங்கியும் தப்பின. பிறகு அங்கேயே எத்தனையோ இனங்களாகப் பெருகின. ஏன் அவை மட்டும்?

கனடாவில், ரொறன்ரோவிலிருந்து என் கணவர் நிர்மலன் போன் எடுத்தார். அவருக்கு அங்கே இது மூன்றாவது பனிக்காலம். "குளிர் எலும்புக்குள்ளை இருக்குது, ஜெயந்தி."

ஜனவரி 17
இன்றும் அவரிடமிருந்து போன் வரவில்லை.

ஜனவரி 20
அவரோடு அறையில் இருக்கும் கஜீபன் அழைத்தான். "அக்கா, அண்ணை வேலைக்குப் போறேல்லை. திரையை இழுத்துவிட்டிட்டுக் கிடக்கிறார். நேற்றுக் கோட்டும் இல்லாமல் வெறும் சேட்டோடை பல்கனியிலை பனிக்குள்ளை நிண்டவர். நான்தான் இழுத்து உள்ளை விட்டனான்."

கடவுளே, இங்கை இருந்துகொண்டு நான் என்ன செய்ய?

ஜனவரி 21
மாமியிடம் சொன்னேன். மகனை நினைத்து அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அகதி வழக்கு மே மாதம். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லு. இப்ப வந்தானெண்டால் எல்லாம் போச்சு" என்றா.

மே வரை அவர் உயிரோடு இருப்பாரா?

ஜனவரி 24
கஜீபன் போனை அவர் காதில் வைத்தான். நான் நேரே சொன்னேன்.

"வாங்கோ. வழக்குப் போனால் போகட்டும்."

"தோத்துப்போய் வந்திட்டான் எண்டு சொல்லுவினம்."

"சொல்லட்டும். நீங்கள் உயிரோடை வாங்கோ."

பக்கத்தில் நின்ற மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா.

பெப்ரவரி 2
அத்தியாயத்தில் 'குளிரை வென்றவை, குளிரிடம் தோற்றவை' என்று எழுதியிருந்தேன். வெட்டினேன். தெற்கே ஒதுங்கியவற்றின் வழிவந்தவை இன்றும் பூத்துக்கொண்டுதானே இருக்கின்றன. அவற்றை எந்த வாயால் தோற்றவை என்பது?

டிக்கற் போட்டாச்சு. ஏறுவாரா? விமான நிலையம் வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவதாகக் கஜீபன் சொல்கிறான். இடையில் மனம் மாறினால்? நித்திரை இல்லை.

பெப்ரவரி 11
வந்துவிட்டார். பாதியாய்ப் போயிருக்கிறார். மாமி மேசையில் சோறும் பொரித்த மீனும் மூடி வைத்திருந்தா. நிர்மலன் குனிந்தபடி சாப்பிட்டார்.

"மீன் இன்னும் இருக்கோ அம்மா?"

மாமி எழும்பிப் போய்த் திரும்ப அடுப்பை மூட்டினா.