சோற்றைப் பிடுங்காத டயட்டீஷியன்

என்னங்க,

பெசரட்டுக்குப் பச்சைப்பயறு மாவு அரைத்து வைத்திருக்கிறேன். இஞ்சிச் சட்னி மூடியிருக்கிறது.

"சுகர்னு சொல்லி அந்தம்மா என் சோத்தப் பிடுங்கிடுவா, நான் வரல" என்று நேற்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வாங்கிய அப்பாயின்ட்மென்ட் வீணாகக் கூடாதென்று உங்கள் ரிப்போர்ட்டோடு நானே போய்விட்டு வந்தேன். நீங்கள்தான் பேசவில்லையே, எப்படிச் சொல்வது?

டயட்டீஷியன் ஸ்ரவந்தி திட்டவே இல்லை. நீங்கள் எப்போது என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆவக்காய்ச் சோறு முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"சோத்த நிறுத்த வேணாம்மா. கொஞ்சம் குறைச்சு, பருப்பும் காயும் கூட்டிக்கச் சொல்லுங்க. காக்கிநாடாவில இருந்துகிட்டு காஜா ஸ்வீட்டே கூடாதுன்னா நடக்குமா? எப்பவாவது ஒண்ணு போதும்" என்றாள்.

பிறகு, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்றாள்.

"அவருக்கு ஆகாதுன்னு ஒளிச்சு வைக்கிறதையெல்லாம் நான்தான் சாப்பிடறேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் விரலில் குத்திப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குச் சுகர் உங்களைவிட அதிகமாம்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க லேபுக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் அவள் நம் இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறாள். கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்மஜா

பி.கு: வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அனசூயாவிடம் கொடுங்கள்.

இன்னொன்று: வெளியே போங்களேன். லேப், மார்க்கெட் முனையில்தான். ஊசி என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டால்தான் நீட்டுவேன்.