என் தறியையும் பார்த்துக்கோ

இன்று காலை பெரணமல்லூர் சாலையில் ஒரு தறி ஷெட்டின் ஜன்னலோரம் நின்றுவிட்டேன். உள்ளே இரண்டு பேர் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். விசைத்தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது என்பது உனக்குத் தெரியாததா? ஒருவன் நெஞ்சைத் தட்டி, தன் தறியைக் காட்டி, டம்ளர் பிடித்ததுபோல் கையை உதட்டருகே கொண்டுபோனான். 'என் தறியையும் பார்த்துக்கோ, டீ குடிச்சிட்டு வந்துடறேன்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் சைகை அது. அதைக் காட்டிவிட்டுப் போய், என்றைக்காவது நேரத்துக்குத் திரும்பியிருக்கிறாயா?

நமக்கு ஒரே பீடிக்கட்டு, ஒரே நோய். தொண்டைப் புற்றுக்கு வேலூரில் ஒன்றாகத்தான் கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக்கொண்டோம். பஸ் கண்ணமங்கலம் தாண்டினால் நீ பாட ஆரம்பித்துவிடுவாய். உன் கரகரப்பைக் கேட்டு கண்டக்டரே திரும்பிப் பார்ப்பார். சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தபோது அது திரும்பி வந்தது. முதலில் எனக்கு, பிறகு உனக்கு. பட்ட இடத்தில் மறுபடி கரண்டு வைக்க முடியாது என்றார் டாக்டர். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் இனி மூச்சு, பேச்சு போய்விடும் என்றார்.

ஊமையாக இருப்பதைவிடப் பேசிக்கொண்டே செத்துப்போகிறேன் என்று உன்னிடம் அழுதேன்.

"இன்னாடா பேஜாரு பண்ற?" என்றாய். "ஷெட்ல நாம வாயாலயா பேசிகினு இருந்தோம்? கையாலதானே! நீ முன்னாடி போ. எனக்கும் அடுத்த வாரம் தேதி குடுத்துட்டாங்க. ரெண்டு ஊமையும் டீக்கடையில உக்காந்துகினு ஊரையே திட்டலாம். ஒருத்தனுக்கும் புரியாது."

நூல் அறுந்தது, முதலாளி வருகிறார், டீ என்று ஷெட்டில் இருந்த சைகைகள் போதாது என்று புதிதாக வேறு உண்டாக்கினோம். வலிக்கு ஒன்று, உன் மாமனாருக்கு ஒன்று. பயம் என்றால் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொள்வது. சிரித்துச் சிரித்து இருமினோம். அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஆபரேஷனுக்குப் போனேன்.

கண் விழித்தபோது நீ கட்டிலருகே நின்றிருந்தாய். வலிக்கிறது என்று காட்டினேன், தலையசைத்தாய். உனக்கு எப்போது என்று காட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது, அதுவும் என் மனைவி சொல்லி. உனக்கு வந்தது கழுத்து ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டதாம். கத்தி வைக்கவே முடியாது என்று டாக்டர் உன்னிடம் முன்பே சொல்லிவிட்டாராம். "சொன்னா நீங்க ஆபரேசன் பண்ணிக்க மாட்டீங்கன்னு அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிகினாருங்க" என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருவன்தான் முட்டாள். வராத தேதியைச் சொல்லிவிட்டு, என்னோடு உட்கார்ந்து சைகை கண்டுபிடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

ஊரில் உன்னைத் தெய்வம் என்கிறார்கள். நீ என்னை ஏமாற்றினாய் என்றுதான் நான் சொல்வேன். ஒரே ஒரு தடவை கட்டைவிரலை மூடிக் காட்டியிருக்கக் கூடாதா? உன் பயத்தில் எனக்குப் பங்கு இல்லையா? நம் சைகைகளை இப்போது யாரிடம் காட்டுவது? என் மனைவிக்குப் பாதிதான் புரிகிறது, மீதிக்குச் சிலேட்டை நீட்டுகிறாள்.

கடைசி நாட்களில் உன் குரலும் போய்விட்டது. நான் உன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. நீ மெல்லக் கையைத் தூக்கி நெஞ்சைத் தட்டினாய். வாசலில் நின்ற உன் மகளைக் காட்டினாய். பிறகு டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாய். கட்டிய கை தானாக அவிழ்ந்தது. ஷெட்டில் எப்போதும் செய்வதுபோல் 'ஜல்தி வாடா' என்று ஆட்டினேன்.

உன் மகளுக்கு நம் சைகைகளையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பயத்துக்கு உள்ளதைத்தான் முதலில். அதை மட்டும் என்னிடம் மறைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் வந்தால் வாயைத் திறக்காமல் என்னோடு சண்டை போடுகிறாள், உன்னைப் போலவே. உன்மேல் உள்ள கோபம் எனக்கு ஆறவில்லை. தறியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீதான் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறாய்.