பன்சலையில் இருந்த இத்தா

என் அன்புக்குரிய ரிஸ்லா வாப்பா,

மகள் பிறந்ததிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் "இங்க பாருங்க" என்று கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தாலும் உங்கள் பெயர் கைக்கு வரமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தை மகள் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறாள், ஊரே வாசிக்கப் போகிறது, வாசிக்கட்டும். நீங்கள் இருந்தபோதும் நம் வீட்டுச் சண்டை ஊருக்கெல்லாம் கேட்டதுதானே.

முதலில் நல்ல செய்தி. உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பேரன்தான் என்று மருமகனோடு வட்டிலப்பம் பந்தயம் பிடித்தீர்களே, தோற்றுப் போனீர்கள். வட்டிலப்பத்தை நான்தான் செய்து கொடுத்தேன். பிள்ளைக்கு உங்கள் மூக்கு. பாவம், பெண் பிள்ளைக்கு அது கொஞ்சம் பெரிதுதான்.

அடுத்த செய்தியைச் சொல்லத்தான் மனம் வரவில்லை. நம் வீடு இல்லை. உங்கள் உயிர் போன அறை இல்லை. நான் அந்த வீட்டில் என் இத்தாவை முடிக்கவில்லை. வேறு யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

புருஷன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண்சாதி அதே வீட்டில் வெள்ளை உடுத்தி, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. உங்களுக்குத் தெரிந்த விஷயம், வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சிலருக்கு அது சிறை மாதிரி. எனக்கு அது வேண்டியிருந்தது. எங்கும் போகத் தேவையில்லை, யாரைப் பார்த்தும் சிரிக்கத் தேவையில்லை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் இடுப்பில் உடுத்திய சாறத்தை முகர்ந்துகொண்டே இருக்கலாம். கராம்பு வாங்கிக் காயவைத்து விற்ற மனிதரின் சாறம், எத்தனை தரம் கழுவினாலும் கராம்பு வாசம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் தொழுதேன், ஆனால் கையேந்தி துஆக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும் பாயைச் சுருட்டிவிடுவேன். நெஞ்சு வலிக்கிறது என்று நீங்கள் சாய்ந்த அந்த மதியத்தில், ஆட்டோ வந்து சேரும்வரை நான் உயிரைக் கொடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது கிடைக்கவில்லை. இனி அவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு ரோஷம். அல்லாஹ்வோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தவள் நம் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் அந்த மழை வந்தது. வருஷக் கடைசி மழை நமக்குப் புதிதா? ரேடியோவில் சூறாவளி என்றார்கள், அது கடற்கரைக்காரர்களின் பாடு என்று நானும் இருந்துவிட்டேன். காற்று வந்து கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியபோதுதான் பயம் வந்தது. கரண்ட் போனது, போன் செத்தது. எலும்பு வரைக்கும் குளிர். உக்குவளைக் கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர், ரயில் பாதை மேல் மரங்கள் என்று சேதி வந்தது. மலையடியில் இருக்கிற எல்லாரும் உடனே இறங்க வேண்டும் என்று ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள்.

நான் இறங்கவில்லை. என் துணைக்கு வந்திருந்த ரிஸ்லாவுக்கு அப்போது ஏழு மாதம்.

"உம்மா, எழும்புங்க, போவோம்."

"நீ போ மகள். நான் வாப்பாட ஊட்ட விட்டுட்டு வர மாட்டேன்."

"நீங்க வராட்டி நானும் போகல்ல." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் உங்களுடையது. என்னுடையது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள்.

பள்ளிவாசல் ஹஸரத்தும் வந்தார். வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி நின்றார். "ரிஸ்லா உம்மா, உயிருக்கு ஆபத்துன்னா ஊட்ட விட்டுப் போக மார்க்கத்துல அனுமதி ஈக்குது. போற எடத்துல இத்தாவத் தொடர்ந்து இருங்க. இதுல பாவமில்ல" என்றார்.

"பாவமில்லாட்டி என்ன ஹஸரத், எனக்கு மனசு ஏலாதே" என்றேன்.

அந்த நேரத்தில்தான் மேலே லயத்து வரிசை வீடுகளிலிருந்து தோட்டத்துச் சனம் இறங்கி வந்தது. நம்மிடம் கராம்பு கொண்டுவந்து போடுகிற முருகேசுவை மறந்திருக்க மாட்டீர்கள். அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய பெண்சாதி செல்வமணி மட்டும் நேரே நம் அறைக்குள் வந்தாள். அவள் இடுப்பில் ஈரச் சேலையால் சுற்றிய ஓர் அம்மன் படம்.

"அக்கா, லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சுப் போச்சு. நாங்க எங்க சாமியவே தூக்கிக்கிட்டு வந்துட்டோம். நீங்க எதைப் புடிச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்கீங்க?"

அவள் ரிஸ்லாவின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதானே? படாம கூட்டிக்கிட்டுப் போறோம் வாங்க" என்று கட்டில் விரிப்புகளை உருவினாள். பக்கத்து வீட்டுக் குசுமாவும் ஓடி வந்தாள். நீங்கள் வாய் ஓயாமல் சிங்களத்தில் வம்புக்கு இழுப்பீர்களே, அவளேதான். தோட்டத்துப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எங்களைச் சுற்றித் துணியால் ஓர் அறையே கட்டிவிட்டார்கள். அந்த அறைக்குள் நானும் மகளுமாக மலையிலிருந்து இறங்கினோம்.

காற்று துணியைப் பிடுங்கியது. குசுமா சறுக்கி விழுந்து, எழும்பி, மழையைச் சிங்களத்தில் கெட்ட வார்த்தையால் ஏசினாள், ஆனால் துணி முனையை விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான். வழியில் நின்ற ஆண்கள் எல்லாரும் யாரும் சொல்லாமலே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள் என்று ரிஸ்லா பிறகு சொன்னாள். உங்கள் சாறத்தை எடுக்க மறந்ததும் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அது கட்டிலில் இருந்தது.

பள்ளிக்குள்ளும் தண்ணீர், பாடசாலைக்குள்ளும் தண்ணீர். மேட்டில் இருந்த பன்சலை, அந்தப் புத்த கோயிலின் மண்டபம் மட்டும்தான் எல்லாருக்கும் திறந்திருந்தது. புத்தர் இருக்கிற இடத்தில் இத்தாவா என்று வாசலில் என் கால் நின்றது. துணிக்குள் என்ன என்று பன்சலையின் வயதான பிக்கு, ஹாமுதுரு, குசுமாவிடம் கேட்டார். அவள் சொன்னதும் உள்ளே போய், பிரித் ஓதும் மண்டபத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் திரைகளைத் தானே எடுத்து வந்தார். மண்டபத்து மூலையில் கயிறு கட்டித் தரச் சொன்னார். நாங்கள் இருந்த நாள் வரைக்கும் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மறுநாள் விடிந்ததும் என் திரைக்குள் எனக்கே இடமில்லை. பால் கொடுக்கிற தாய்மார் வந்தார்கள், ஈர உடுப்பு மாற்றக் குமரிப் பிள்ளைகள் வந்தார்கள். விழுந்த இடுப்புக்குத் தைலம் பூசக் குசுமா வந்தாள். பூசி முடித்ததும் வெள்ளத்தில் போன தன் கடைச் சாமான்களை நினைத்து அழத் தொடங்கினாள். மண்டபத்தில் ஆண்களுக்கு முன்னால் அழ முடியாதவர்கள் எல்லாரும் அழுவதற்கு என்னிடம்தான் வந்தார்கள். வெளியே நம் பள்ளி இளைஞர்கள் கஞ்சி காய்ச்சி மண்டபம் முழுக்கப் பங்கிட்டார்கள். ஒரு மூலையில் பிரித், ஒரு மூலையில் அம்மன் பாட்டு. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அன்று காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. முருகேசு, பட்டியில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மலை சரிந்து இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

செல்வமணி திரையை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அக்கா, எங்க சாமிகிட்ட கேட்டுட்டேன். குசுமாக்கா அவங்க சாமிகிட்ட கேக்குறாங்க. நீங்களும் உங்க சாமிகிட்ட கேளுங்கக்கா."

எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கேத்தலில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் வுளூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது, கையை ஏந்தினேன். முருகேசு என்று பெயர் சொல்லிக் கேட்டேன். கோபிக்காதீர்கள், உங்களுக்காகக் கேட்டதைவிடக் கூடுதலாகவே கேட்டேன். பாதியில் எங்கேயோ அந்தப் பெயர் மாறி உங்கள் பெயர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொல்லிச் சொல்லி அழுதேன். செல்வமணி என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் முதுகைக் குசுமா தடவிக்கொண்டிருந்தாள். அல்லாஹ் என்னைக் கைவிடவில்லை என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது. ஏன் பட்டது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏனென்றால் அன்று கேட்டதும் கிடைக்கவில்லை. மாடு மட்டும் இறங்கி வந்தது, கழுத்தில் கயிறு இல்லாமல். அவிழ்த்துவிட்டிருக்கிறார். இராணுவமும் தோட்டத்து ஆட்களும் நம் பள்ளிப் பிள்ளைகளும் தேடிக் களைத்தார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை. நம் வீட்டின் பின்பாதியும் அந்த மண்ணோடு போயிருந்தது. "உம்மா, வாப்பாட அறை போச்சு" என்று ரிஸ்லா வந்து சொன்னபோது நான் அவள் வயிற்றில்தான் கையை வைத்தேன். பிறகும் மனம் ஆறவில்லை. உங்களை அந்த அறையில் விட்டுவிட்டு வந்துவிட்டேனா? அப்படித்தான் எனக்கு இருந்தது.

வெளியே செல்வமணியின் சொந்தக்காரர்கள், பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று வாக்குவாதப்பட்டார்கள். உடல் கிடைக்காதவருக்கு என்ன சடங்கு செய்வது? அவள் மறுபடி திரைக்குள் வந்தாள். "நானும் இதுக்குள்ளயே இருந்துக்கிறேனே அக்கா. வெளிய எல்லாரும் என் நெத்தியவே பார்க்கிறாங்க." பன்சலையை விட்டுக் கிளம்பும் வரைக்கும் அவள் என்னோடுதான் இருந்தாள். என் இத்தாவின் மீதியை உங்கள் தங்கச்சி வீட்டில் இருந்து முடித்தேன். அங்கேயும் வாரம் தவறாமல் வந்து பார்த்தாள்.

இத்தா முடிந்து குளித்த அன்று, மையவாடிக்குப் போக வேண்டும் என்றேன். உங்களை அடக்கிய இடத்தை நான் பார்த்ததே இல்லை. பெண்கள் அங்கே போகிற வழக்கம் நம் ஊரில் இல்லையே.

"ஊர் என்ன பேசும் மதினி?" என்றாள் தங்கச்சி.

"பேசினாப் பேசட்டும்" என்று கிளம்பினேன். செல்வமணி கூட வந்தாள்.

மதில் உடைந்து கிடந்தது. உள்ளே எங்கும் ஒரே சேறு, காய்ந்து வெடித்துப் போயிருந்தது. தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள் ஒன்றைக்கூடக் காணவில்லை. "அந்தா, அந்த மரத்துக்கு இங்கால. சரியாச் சொல்ல ஏலா ரிஸ்லா உம்மா" என்று காவலாளி கையைக் காட்டினார். அறை போனது, சாறம் போனது, நிற்பதற்கு உங்கள் தலைமாடாவது இருக்கும் என்று வந்தால் அதுவும் இல்லை. ஆண்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தி அழுதேன்.

செல்வமணி என்னைத் தேற்றவில்லை. "உங்களுக்கு இந்தப் பக்கம்னு கைகாட்ட ஒரு ஆளாவது இருக்காரு. எனக்கு மலையத்தான் காட்டுறாங்க" என்றாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

மையவாடியில் சொல்கிற சலாம் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல, அங்கே இருக்கிற எல்லாருக்குமானது. அதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று செல்வமணி கேட்டாள், சொன்னேன். அவள் குனிந்து ஒரு காய்ந்த மண்கட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு கேட்டாள்: "இந்த மண்ணு எங்க மலையிலேருந்து வந்ததுதானே அக்கா?"

ஓடை வழியாக இறங்கி வந்த மண். லயத்திலிருந்து நம் வீடு, நம் வீட்டிலிருந்து மையவாடி. அத்தனை பேர் தேடியும் யாரும் இங்கே தேடவில்லை. காவலாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் மெஷின் கொண்டுவந்து மண்ணை அள்ளிக் கொட்டப் போகிறார்களாம். ரிஸ்லா வாப்பா, நான் விடமாட்டேன். நாளைக்கே பள்ளிக்குப் போய், மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுங்கள் என்று சொல்லப் போகிறேன். ஹஸரத் சரியென்றுதான் சொல்வார். சொல்லாவிட்டால் நானும் செல்வமணியும் குசுமாவும் கையால் அள்ளுவோம். முருகேசு கிடைத்தால் செல்வமணியுடைய சாமியின் முறைப்படி அனுப்பி வைப்போம், கடைசி வரைக்கும் நான் அவள் பக்கத்தில் நிற்பேன். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பேருமாக வந்து நிற்போம். உங்களைத் தனியாக விட்டுவிட்டேனோ என்று இனி அழமாட்டேன். முருகேசு உங்கள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார், நாங்கள் வந்து சேரும்வரை அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரிஸ்லா உம்மா