ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்

மே 6, செவ்வாய்

காலை ஏழுக்கே அனல். முனிர்கா அறையில் தண்ணீர் வரவில்லை. ஈரத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். கணக்கெடுப்பு, நான்காம் நாள். இந்தத் தலைநகரில் ரயில் பாதை ஓரத் தமிழர் குடிசைகளை இடிக்கப்போகிறார்கள். பதிலாகக் குடும்பத்துக்கு ஒரு வீடு, ஊர்க் கோடியில். ஹிந்திப் படிவத்தைத் தமிழில் கேட்டு நிரப்புவது என் வேலை. புவியியல் எம்.ஏ. படித்ததற்கு இது.

இன்று வாய் வலிக்கச் சொன்னவை:
– இடப்பெயர்வுக்குக் காரணம்: வேலை / திருமணம் / படிப்பு / பிற. ("மழ இல்ல" என்றார் ஒருவர். பிற.)
– உந்து காரணி, ஈர்ப்புக் காரணி. இது யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்காக எனக்கு நானே.
– குடும்பம்: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரே கூரை கணக்கில்லை.

61ஆம் எண் குடிசை, ஒரே கூரையில் இரண்டு சகோதரர்கள். அண்ணன் மனைவி பஞ்சவர்ணம், தம்பி மனைவி செல்வி. ஒரு அடுப்பு எரிந்தது. ஒரே அடுப்புதானே என்று கேட்டேன். செல்வி, மடியில் குழந்தையோடு: "இன்னிக்கு ஒண்ணுதான் மேடம்." மேற்பார்வையாளர் குப்தாஜி வெளியிலிருந்து ஜல்தி, ஜல்தி என்று அவசரப்படுத்தினார். 1 என்று எழுதினேன்.

துவைக்க வேண்டியது நிறைய. நாளை.

மே 19, திங்கள்

வீடு பெறுவோர் பட்டியல் ஒட்டினார்கள். மதியம் செல்வி என்னைத் தேடி வந்தாள். 61இல் மூத்தவர் பெயர் மட்டும். இவளுக்கு வீடு இல்லை.

இரண்டு வருடமாகத் தனி அடுப்பாம். ஓரகத்திகளுக்குள் பேச்சே கிடையாதாம். அன்று இவள் காஸ் தீர்ந்து, குழந்தைக்குக் காய்ச்சலும். பஞ்சவர்ணம் கேட்காமலே கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் பார்த்தது அந்த அடுப்பை.

"இன்னிக்குன்னு சொன்னேனே மேடம்."

சொன்னாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மே 21, புதன்

குப்தாஜியிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் மறுவிசாரணை உண்டு. ஆனால் கொடுத்த பிறகு என் வேலை இருக்காது என்றார். யோசித்துக்கொள் என்று டீ வாங்கித் தந்தார். நல்ல மனிதர்தான். டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். தைரியம் என்று சொல்ல முடியாது. அலுப்பு.

மே 22, வியாழன்

மறுவிசாரணை. கிளறினால் நம் வீடும் போய்விடும் என்று பஞ்சவர்ணத்தின் கணவன் அவளை எச்சரித்திருந்தானாம், வழியில் செல்வி சொன்னாள்.

அடுப்பு ஒன்றா, இரண்டா என்று குப்தாஜி ஹிந்தியில் கேட்டார். பஞ்சவர்ணம் கணவனைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ரெண்டு. உப்புகூட அவகிட்ட வாங்குனதில்ல. எழுதிக்கோ."

அன்றைக்கு ஒன்றுதானே எரிந்தது என்றார் குப்தாஜி.

"காய்ச்சக்காரப் புள்ளைக்குக் கஞ்சி வெச்சா ஒரே குடும்பமா?"

மொழிபெயர்த்தேன். குப்தாஜி 2 என்று திருத்தினார். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். பஞ்சவர்ணம் அவளைப் பார்க்கவேயில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

என் வேலை அடையாள அட்டையைக் குப்தாஜியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

மழை. அறைச் சுவர் ஊறிப்போய் வாடை. கரோல் பாக் கோச்சிங் சென்டரில் மனிதப் புவியியல் அறிமுகம், வாரம் மூன்று வகுப்பு எடுக்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது.

மாலையில் கதவைத் தட்டினார்கள், செல்வியும் பஞ்சவர்ணமும். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். இரண்டு வீடு கிடைத்துவிட்டது, ஆனால் வேறு வேறு பிளாக். நடுவில் பெரிய ரோடு. பக்கத்துப் பக்கத்தில் வீடு கேட்டு மனு எழுதித் தர வேண்டுமாம்.

இன்னமும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் வழியாக.

"புள்ளைக்காகத்தான் கேக்கறேன்," என்றாள் பஞ்சவர்ணம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஹிந்தியில் அரைப் பக்கம். ஒரே தாள் போதும் என்றார்கள். கீழே செல்வி கையெழுத்து, ஒட்டினாற்போல் பஞ்சவர்ணம் கைநாட்டு. மை என் விரலிலும்.

நாளை இதைக் கொடுக்க வீட்டு ஒதுக்கீட்டு ஆபீஸ் வரிசையில் நான் நிற்க வேண்டும். தலை வலிக்கிறது.